ஐசிடி வைப்பதென்றால் எதை வைப்பது? ஒயர் போகும் வழியைப் பாருங்கள்

"பேஸ்மேக்கர் வைக்கணும்னு சொல்லிட்டாங்க" என்று யாராவது கவலையோடு வந்து நின்றால், நான் முதலில் கேட்பது "பேஸ்மேக்கரா, ஐசிடியா?" என்றுதான். பலருக்குப் பதில் தெரியாது. அது அவர்கள் தப்பும் இல்லை. இரண்டும் டைட்டானியம் டப்பா. இரண்டையும் பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில்தான் வைக்கிறார்கள். வழக்கமான வகையில் இரண்டிலிருந்தும் இதயத்துக்கு ஒயர் போகிறது. ஆனால் பேஸ்மேக்கர் என்பது துடிப்பு மந்தமாகும்போது மெல்லத் தட்டி எழுப்புகிற கருவி. ஐசிடி, துடிப்பு தறிகெட்டு ஓடும்போது ஓங்கி ஓர் அடி போட்டு நிறுத்துகிற கருவி. அந்த அடியைத்தான் ஷாக் என்கிறோம்.

ஐசிடி தேவை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உண்மையான குழப்பம் ஆரம்பிக்கிறது. ரத்தக்குழாய்க்குள் ஒயர் போகாத வகை ஒன்று இருக்கிறதாமே, அது நல்லதா? ஒரு ஒயர் போதுமா, இரண்டு வேண்டுமா? மாத்திரையிலேயே சமாளிக்க முடியாதா? கூடவே எந்த கம்பெனி என்ற விசாரணை வேறு. என்னைக் கேட்டால் கம்பெனியும் டப்பாவும் இரண்டாம் பட்சம். ஒயர் எந்த வழியாகப் போய் எங்கே உட்காருகிறது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஏன் என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பத்து, இருபது நொடிக்குள் நடப்பது

மாரடைப்பில் செத்துப்போன தசை ஒரு தழும்பை விட்டுவிட்டுப் போகிறது. இதயத்தின் மின்னோட்டம் சில சமயம் அந்தத் தழும்பைச் சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்துவிடும். அப்போது கீழறை நிமிடத்துக்கு 150, 200, 220 என்று துடிக்கும். இதுதான் வெண்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, சுருக்கமாக விடி. அந்த ஓட்டமும் சிதறிப்போய், கீழறை துடிக்காமல் வெறுமனே நடுங்கினால் அது விஎஃப். ரத்தம் வெளியே போகாது, ஆள் சில நொடிகளில் சரிந்துவிடுவார். யாரும் மார்பை அழுத்தி முதலுதவி செய்யாத நிலையில், ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு விரட்டிக்கொண்டு வந்தாலும் இந்தக் கணக்கோடு போட்டி போடுவது கஷ்டம். ஷாக் கொடுக்கும் கருவியை உடம்புக்குள்ளேயே வைத்துவிடலாம் என்ற யோசனைக்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

யோசனை மிஷேல் மிரோவ்ஸ்கி என்ற டாக்டருடையது. அவருடைய குருவாக இருந்த டாக்டர் 1966-ல் இப்படிப்பட்ட துடிப்புக் கோளாறில்தான் இறந்துபோனார். மார்ட்டன் மோவர் என்ற சக டாக்டரோடு சேர்ந்து பால்டிமோரில் பல வருடம் உழைத்த பிறகு, 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் மனிதருக்குக் கருவி பொருத்தப்பட்டது. அன்றைக்கு நெஞ்சைத் திறந்து இதயத்தின் மேலேயே தகடு தைத்தார்கள். டப்பா பெரிதாக இருந்ததால் வயிற்றில்தான் இடம். இப்போது அதே வேலையை உள்ளங்கைக்குள் அடங்கும் டப்பா செய்கிறது.

டப்பாவுக்குள் இருப்பவை: ஒரு பேட்டரி, ஒரு சின்ன கம்ப்யூட்டர், நினைவகம், வெளியே பேச ஓர் ஆன்டெனா, அப்புறம் மின்தேக்கிகள். பேட்டரி பெரும்பாலும் லித்தியமும் வெள்ளி வனேடியம் ஆக்சைடும் கலந்த வகை. அது தருவது ஏறக்குறைய 3 வோல்ட்தான். ஷாக்குக்கோ 700 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பழைய கேமராவில் ஃபிளாஷ் போடுவதற்கு முன்னால் "ஙீ" என்று ஒரு சத்தம் வருமே, அதே தத்துவம் இங்கேயும். பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வோல்ட்டை ஏற்றி, மின்தேக்கியில் சேர்த்துவைத்து, ஒரே கணத்தில் கொட்டிவிடுவது. சேர்க்கச் சுமார் பத்து நொடி ஆகும். கொட்ட ஒரு நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு போதும். ஒரு ஷாக்கின் அதிகபட்ச ஆற்றல் 35 முதல் 40 ஜூல், அதாவது 4 கிலோ எடையை ஒரு மீட்டர் தூக்கும் அளவு. கேட்க அற்பமாக இருக்கும். விழித்திருக்கும்போது வாங்கியவர்கள், நெஞ்சுக்குள்ளிருந்தே யாரோ ஓங்கி உதைத்த மாதிரி இருந்தது என்பார்கள்.

இனி ஒயர். டாக்டர்கள் இதை லீட் என்பார்கள். ஒயரின் நுனியில் இருக்கும் மின்முனைகள் ஒவ்வொரு துடிப்பையும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. நுனிக்குக் கொஞ்சம் மேலே சுருள் கம்பி ஒன்று சுற்றியிருக்கும், ஷாக் அதிலிருந்து கிளம்பி டப்பாவின் உலோக உடம்புக்குப் பாய்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இதயத் தசை மாட்டிக்கொள்ள வேண்டும். டப்பாவை எங்கே வைப்பது என்பதில் டாக்டர்கள் அவ்வளவு கறாராக இருப்பது இதனால்தான். டப்பாவும் ஒரு மின்முனை.

ஒயர் சிலிக்கோன் உறை போட்ட மெல்லிய கம்பிக் கட்டு. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒயர் வளைந்து நிமிர்கிறது, 10 வருடத்தில் 36 கோடி தடவை. போதாததற்குக் கையைத் தூக்கும்போதெல்லாம் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் நசுங்குகிறது. டப்பாவில் கோளாறு வந்தால் தோலைக் கீறி வேறு டப்பா மாட்டிவிடலாம். ஒயர் முறிந்தால் கதை வேறு. முறிந்த ஒயர் எழுப்பும் மின் இரைச்சலை டப்பா விஎஃப் என்று நினைத்து, நன்றாக இருக்கும் மனிதருக்கு அடுத்தடுத்து ஷாக் கொடுத்துவிடும். 2007-ல் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் என்ற ஒயர் மாடலின் விற்பனையை நிறுத்தியது இந்த முறிவுப் பிரச்சினையால்தான். அதற்குள் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களுக்கு அது வைத்தாகிவிட்டது. ரத்தக்குழாயோடு ஒட்டி வளர்ந்துவிட்ட பழைய ஒயரை லேசர் உறையோ சுழலும் வெட்டு முனையோ வைத்துப் பிரித்தெடுப்பது, முதலில் வைத்ததைவிட ஆபத்தான சிகிச்சை.

ரத்தக்குழாய் வழியாகப் போகும் வகை

பழையது, அதிகம் வைக்கப்படுவது, டாக்டர்களுக்குக் கை பழகியது. காறை எலும்புக்குக் கீழே இருக்கும் சிரைக்குள் ஒயரை நுழைத்து, வலது மேலறையைக் கடந்து, வலது கீழறையின் சுவரில் சின்னத் திருகு முனையால் பொருத்துவார்கள். ஒயர் இதயத்துக்குள்ளேயே இருப்பதால் கேட்பதும் துல்லியம், ஷாக்குக்கு வேண்டிய ஆற்றலும் குறைவு. துடிப்பு மந்தமானால் பேஸ்மேக்கர் வேலையையும் இதே பார்த்துக்கொள்ளும்.

இவை எல்லாவற்றையும்விட இதன் பெரிய பலம் ஷாக் இல்லாத சிகிச்சை. விடி வந்ததும் கருவி உடனே அடிக்காது. விடியைவிடச் சற்று வேகமாக எட்டு, பத்து சின்னத் துடிப்புகளைத் தொடர்ந்து கொடுத்துப் பார்க்கும். தழும்பைச் சுற்றி ஓடும் மின்னோட்டத்தின் குறுக்கே இந்தத் துடிப்பு போய் விழுந்தால் சுழற்சி அறுந்துவிடும். வலி கிடையாது. பல பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது, அடுத்த செக்கப்பில் கருவியின் நினைவகத்தைப் படிக்கும்போதுதான் தெரியவரும். இதற்கு ஏடிபி என்று பெயர். ஏற்கெனவே விடி வந்து போனவருக்கு ஏடிபி இல்லாத கருவியை வைப்பதை என்னால் யோசித்தே பார்க்க முடியவில்லை. வருடத்துக்கு நாலு தடவை விடி வருகிறவர் நாலு தடவையும் ஷாக் வாங்க வேண்டுமா என்ன?

பலவீனம், மேலே சொன்ன ஒயர்தான். கிருமி தொற்றினால் அது நேராக ரத்தத்துக்குள் போகிறது. வைக்கும்போதே நுரையீரல் உறையில் ஓட்டை விழும் சின்ன ஆபத்தும், ஒயர் இதயச் சுவரைத் துளைக்கும் அதைவிடச் சின்ன ஆபத்தும் உண்டு.

ஒரு ஒயரா, இரண்டா? இரண்டாவது ஒயர் வலது மேலறைக்குப் போகும். மேலறையிலிருந்து துடிப்பு கிளம்புவதே மந்தமாக இருக்கிறது, அல்லது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்னோட்டம் தடைபடுகிறது என்றால் அது தேவை. அப்படி எதுவும் இல்லாதவருக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டாவதை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கூடுதல் ஒயர் கூடுதல் தொல்லைதான்.

தோலுக்கு அடியிலேயே நின்றுவிடும் வகை

இதில் ஒயர் ரத்தக்குழாயைத் தொடுவதே இல்லை. டப்பா இடது அக்குளுக்குக் கீழே, விலாப் பக்கத்தில். ஒயர் தோலுக்கு அடியிலேயே முன்பக்கம் வந்து, நெஞ்செலும்பை ஒட்டி மேலே ஏறுகிறது. இதயத்தை எதுவும் தொடவில்லை. "ஒயர் இல்லாத ஐசிடி" என்று சிலர் சொல்வது இதைத்தான். ஒயர் இருக்கிறது, இதயத்துக்குள் இல்லை, அவ்வளவுதான். இதில் ஒயர் கெட்டால் எடுத்து மாற்றுவது சுலபம், தொற்று வந்தாலும் ரத்தத்துக்குள் பரவும் பயம் குறைவு.

இதற்குக் கொடுக்கும் விலை தூரம். இதயத்துக்கு வெளியிலிருந்து அடிப்பதால் 80 ஜூல் வேண்டும், அதனால் டப்பாவும் பெரிது. ஒல்லியான ஆளுக்கு விலாவில் புடைத்துக்கொண்டு தெரியும். துடிப்பைக் கேட்பதும் இசிஜி மாதிரி தூரத்திலிருந்துதான். இசிஜியில் பெரிய அலைக்குப் பின்னால் வரும் டி அலையையும் இன்னொரு துடிப்பு என்று எண்ணிவிட்டால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். இதைத் தவிர்க்க, வைப்பதற்கு முன்பே நிற்க வைத்தும் படுக்க வைத்தும் இசிஜி எடுத்துப் பார்ப்பார்கள். அந்தப் பரீட்சையில் தேறாதவருக்கு இது கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கருவி தனியாக இருக்கும்போது ஏடிபி தராது. பேஸ்மேக்கர் வேலையும் செய்யாது, ஷாக்குக்குப் பிறகு சில நொடி தாங்கிப்பிடிப்பதைத் தவிர.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வு பிரிட்டோரியன். 2020-ல் வெளிவந்தது. பேஸ்மேக்கர் தேவைப்படாத 849 பேர், சுமார் 4 வருடக் கண்காணிப்பு. கருவிச் சிக்கலையும் தேவையில்லாத ஷாக்கையும் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம், இரு பக்கமும் 15 சதவீதம் சொச்சம். பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. தோலடி வகையில் ஒயர்ச் சிக்கல் 1.4 சதவீதம், ரத்தக்குழாய் வகையில் 6.6. தேவையில்லாத ஷாக் தோலடி வகையில் 9.7, மற்றதில் 7.3. ஆக, ஒரு தொல்லையைக் கொடுத்து இன்னொரு தொல்லையை வாங்குகிறோம். எந்தத் தொல்லை நமக்குத் தாங்கும் என்பது ஆளைப் பொறுத்தது.

25 வயதில் பரம்பரை மின்கோளாறு, புரூகாடா போல ஒன்று, கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, துடிப்பு மந்தம் இல்லை, விடி வந்ததில்லை என்றால், நான் தோலடி வகையின் பக்கம்தான் சாய்வேன். அவருக்கு இன்னும் 50 வருடம் இருக்கிறது, இத்தனை காலத்துக்கும் ரத்தக்குழாய்க்குள் ஒயர்களைச் சேர்த்துக்கொண்டே போவது நல்லதல்ல. டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கும் அதேதான். அவருக்குச் சிரைகள் வேறு வேலைக்கு வேண்டும், கிருமித் தொற்றுக்கான வாய்ப்பும் அதிகம். பெரிய மாரடைப்புத் தழும்போடு, ஏற்கெனவே விடி வந்த 60 வயதுக்காரர் என்றால் பழைய வகைதான்.

இரண்டுக்கும் நடுவே

மூன்றாவதாக ஒன்று 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதில் ஒயர் நெஞ்செலும்புக்குப் பின்புறம், இதயத்துக்கு முன்னால் இருக்கும் இடைவெளியில் போகிறது. ரத்தக்குழாய்க்கு வெளியேதான், ஆனால் இதயத்துக்கு இன்னும் பக்கத்தில். அதனால் 40 ஜூல் போதும், டப்பாவும் சின்னது, ஏடிபியும் தர முடிகிறது. இதன் முதன்மை ஆய்வில் ஏடிபி ஏறக்குறைய பாதி தடவைதான் பலித்தது. வெளியிலிருந்து துடிப்பைத் தூண்ட அதிக வோல்ட் வேண்டியிருப்பதால் சிலருக்கு அந்தத் துடிப்பு நெஞ்சில் உறைக்கவும் செய்கிறது. நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அந்த இடைவெளியே ஒட்டிப்போயிருக்கும் என்பதால் இது பொருந்தாது. யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் 10, 15 வருடம் உடம்பில் இருந்த ஒயர் எப்படி இருக்கும் என்பதற்கு இன்னும் காலம்தான் பதில் சொல்ல வேண்டும். பொருத்துகிற டாக்டருக்கு இதில் எத்தனை அனுபவம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

தோலடி ஐசிடியோடு, இதயத்துக்குள் ஒயரில்லாத குட்டி பேஸ்மேக்கரை வைத்து இரண்டையும் பேசவைத்து ஏடிபி கொடுக்கும் ஏற்பாடும் வந்துகொண்டிருக்கிறது. அதன் முதல் பெரிய ஆய்வு 2024-ல் வெளிவந்தது.

இதயத்தின் இரண்டு கீழறைகளும் ஒன்றாகச் சுருங்காமல் முன்பின்னாகச் சுருங்குகிறவர்களுக்கு, அதாவது பம்பிங் குறைந்து, இசிஜியில் இடது கிளைத் தடையும் (இடது கீழறைக்கு மின்னோட்டம் போகும் பாதையில் தடை) கீழறை அலையின் அகலம் 150 மில்லி செகண்டுக்கு மேலும் இருந்தால், இந்த ஒப்பீடே வேறு. அவர்களுக்கு இடது கீழறைக்கும் ஒயர் போகும் சிஆர்டி-டி வேண்டும். அது இதயத்தையே மேம்படுத்தும் சிகிச்சை, வெறும் காவல் அல்ல. அங்கே தோலடி வகையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

வைக்காமலே சமாளித்தால்?

இந்தக் கேள்வி நியாயமானது. ஒருமுறை விஎஃப் வந்து பிழைத்தவர் விஷயத்தில், சரிசெய்யக்கூடிய தற்காலிகக் காரணம் எதுவும் இல்லையென்றால், தயங்க இடமில்லை. இன்னும் எதுவும் வராமல், எக்கோவில் பம்பிங் (கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியே போகும் பங்கு) 35 சதவீதத்துக்குக் கீழே என்று வந்தவர்தான் யோசிக்க வேண்டியவர். 2005-ல் வந்த எஸ்சிடி-ஹெஃப்ட் ஆய்வு 2,521 பேரை மூன்றாகப் பிரித்தது. 5 வருட முடிவில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் இறந்தவர்கள் 36 சதவீதம், துடிப்புக் கோளாறை அடக்கும் அமியோடரோன் மாத்திரை எடுத்தவர்களில் 34, ஐசிடி வைத்தவர்களில் 29. மாத்திரையிலேயே சமாளிக்கலாமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது. ஆனால் 2016-ன் டேனிஷ் ஆய்வில், ரத்தக்குழாய் அடைப்பு இல்லாமலேயே இதயம் பலவீனமானவர்களிடம், திடீர் மரணம் பாதியாகக் குறைந்தும் மொத்த மரணத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. வயது குறைந்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. வயதான, வேறு நோய்களும் உள்ள ஒருவர் இந்த ஆய்வைச் சுட்டிக்காட்டி "எனக்கு நிச்சயம் வேண்டுமா?" என்று கேட்டால் அது முரண்டு அல்ல.

அவசரமும் வேண்டாம். மாரடைப்பு வந்து 40 நாள் ஆகும்வரை, பம்பிங் குறைவுக்கு மருந்து தொடங்கி 3 மாதம் ஆகும்வரை பொதுவாகக் காத்திருப்பார்கள், பலருக்கு பம்பிங் தானாகவே ஏறிவிடும். அந்த இடைக்காலத்துக்கு உடுத்திக்கொள்ளும் ஷாக் உள்ளாடை ஒன்று உண்டு. வெட்டுக் காயம் கிடையாது, ஆனால் குளிக்கும் நேரம் தவிர எப்போதும் போட்டிருக்க வேண்டும். 2018-ல் வந்த ஆய்வில் துடிப்புக் கோளாறு மரணம் 2.4-லிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது, அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் நின்றது. கொடுக்கப்பட்டவர்களில் பலர் நாள் முழுக்கப் போட்டிருக்கவே இல்லை. கழற்றி ஆணியில் மாட்டிய உள்ளாடை யாரையும் காப்பாற்றாது.

எதை வைத்தாலும் கேட்க வேண்டியது

"எத்தனை துடிப்புக்கு மேலே போனால் ஷாக் கொடுக்கும்படி செட் பண்ணியிருக்கீங்க?" இந்த ஒரு கேள்வியைப் பொருத்தும் முன்பே கேளுங்கள். 2012-ல் வந்த மேடிட்-ரிட் ஆய்வு 1,500 பேரிடம் இதைத்தான் பார்த்தது. பழைய பழக்கப்படி 170 துடிப்பிலேயே கருவியை உசுப்பாமல் 200-க்கு மேல்தான் தலையிட வைத்தபோது, தேவையில்லாத சிகிச்சை வெகுவாகக் குறைந்தது. அதோடு இறந்தவர்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. டப்பா, ஒயர் எல்லாம் அதேதான், மாறியது அமைப்பு மட்டும். விழுந்து விழுந்து மாடலை ஒப்பிடுகிறவர்கள் இதைக் கேட்காமல் விட்டுவிடுவதுதான் எனக்கு ஆச்சரியம். மெதுவான விடி உள்ளவருக்கு 200 பொருந்தாது, அதனால் உங்கள் எண் எது, ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேட்டரி முடியும் காலம், எம்ஆர்ஐ எடுக்கலாமா, வீட்டிலிருந்தே கண்காணிக்கும் வசதி உண்டா என்பதெல்லாம் எல்லா வகைக்கும் பொதுவான விசாரிப்பு. பேட்டரி மாதிரியைப் பொறுத்து ஏழெட்டு வருடம் முதல் பத்துக்கு மேலும் வரும், அது தீர்ந்தால் டப்பாவை முழுதாக மாற்றுவார்கள். செல்போனை டப்பாவிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், சட்டைப் பையில் வேண்டாம். ஒரு ஷாக் வந்து, பிறகு நன்றாக இருந்தால் டாக்டருக்குத் தகவல் சொன்னால் போதும். அடுத்தடுத்து இரண்டு வந்தாலோ, ஒன்று வந்தும் உடம்பு சரியில்லை என்றாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

இன்னொன்றை யாரும் முதல் நாளில் பேசுவதில்லை. ஷாக் வசதியை மட்டும் அணைத்து வைக்க முடியும், கத்தி படாமல், வெளியிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாக. வேறு நோய் முற்றி இறுதி நாட்களில் இருக்கும் ஒருவருக்கு, கருவி தன் கடமையை விடாமல் ஷாக் கொடுத்துக்கொண்டே இருப்பது கொடுமை. ஷாக்கை அணைப்பதால் உயிர் உடனே போய்விடாது, பேஸ்மேக்கர் வேலை இருந்தால் அதை அப்படியே ஓட விடலாம். எப்போது அணைக்கலாம், அதை யார் சொல்ல வேண்டும் என்று, பொருத்திக்கொள்கிறவர் தெளிவாக இருக்கும்போதே வீட்டாரிடம் சொல்லிவைப்பது நல்லது.